மானும் பட்டாவும்



1775-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், கென்டக்கி ஆற்றங்கரையில் பெரிய எல்ம் மரம் ஒன்றின் அடியில் ஒரு சட்டசபை கூடியது. கூரை கிடையாது, ஆசனம் கிடையாது. அப்பலாச்சிய மலைத்தொடரைத் தாண்டி வந்து குடியேறிய நான்கு சின்னஞ்சிறு ஊர்களின் பிரதிநிதிகள் மர நிழலில் கூடி ஒன்பது சட்டங்களை இயற்றினார்கள். நீதிமன்றம் அமைப்பது, ஊர்க்காவல் படை வைப்பது என்று எந்தப் புதுக் குடியேற்றமும் முதலில் செய்கிற ஏற்பாடுகள்தான். அவற்றுக்கு நடுவே காட்டு விலங்குகளைக் காப்பாற்றுவதற்கும் ஒரு மசோதா வந்தது. கொண்டுவந்தவர் டேனியல் பூன். அந்தக் காலத்து அமெரிக்காவின் பேர்போன வேட்டைக்காரர்.

அவர்கள் அங்கே வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் காட்டெருமை வேண்டுமென்றால் 15, 20 மைல், சில நாள் 30 மைல்கூடப் போக வேண்டியிருந்தது என்று, குடியேற்றத்துக்கு முதல் போட்ட ரிச்சர்ட் ஹெண்டர்சன் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நாலைந்து எருமைகளைச் சுட்டுச் சாய்த்துவிட்டு, ஒரு குதிரைச் சுமையில் பாதி இறைச்சியைக்கூட எடுத்துவராத ஆட்களைப் பற்றிய புலம்பலும் அதில் உண்டு.

நிலத்தையும் வேட்டையையும் தேடிக் குடும்பத்தோடு வேறு மாநிலம் போனவர்கள் அமெரிக்க வரலாற்றில் ஏராளம். அந்த இரண்டு ஆசைகளும் ஒன்றையொன்று தின்னக்கூடியவை. மரத்தை வெட்டி மக்காச்சோளம் விதைத்தால் மான் விலகிப் போகும். மானின் பின்னாலேயே அலைந்தால் பட்டா கைக்கு வராது. பூன் குடும்பம் எழுபது ஆண்டுகள் இந்த இழுபறியில் கிடந்தது; அதனால் இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சுற்றியே போகும்.

டேனியல் 1734-இல் பென்சில்வேனியாவில் பிறந்தார். தகப்பனார் ஸ்கொயர் பூன், இங்கிலாந்திலிருந்து வந்தவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்; நெசவும் கொல்லுவேலையும் தெரிந்தவர். பிள்ளைகள் சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்ட தகராறில் 1748-இல் சபை அவரை விலக்கிவைத்தது. இரண்டு வருடம் கழித்து அவர் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தைக் கிளப்பினார். வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் போய் இறங்கினார்கள். நிலம் மலிவு, காடு பக்கத்திலேயே.

அந்தக் காட்டில் வேட்டை என்பது வருமானம். கையுறைக்கும் கால்சட்டைக்கும் இங்கிலாந்தில் மான்தோல் வேண்டியிருந்தது. இலையுதிர்காலத்தில் மான்தோல், ரோமம் அடர்ந்து நிற்கும் குளிர்காலத்தில் பீவரும் நீர்நாயும் என்று வேட்டைக்காரர்கள் மாதக்கணக்கில் மலைக்கு அப்பால் தங்கிவிடுவார்கள். வீட்டில் உழவையும் மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது பெண்கள். பூனின் மனைவி ரெபெக்கா 1756-இல் வாழ்க்கைப்பட்டு வந்தவர். பத்துப் பிள்ளைகள் பெற்றவர். 1765-இல் பூன் புளோரிடாவுக்குப் போய்ப் பார்த்து, அங்கே நிலம் வாங்கிக் குடியேறலாம் என்று திரும்பி வந்தார். சொந்தபந்தங்களை விட்டு அவ்வளவு தூரம் வர முடியாது என்று ரெபெக்கா மறுத்துவிட்டதாகக் குடும்பக் கதை சொல்கிறது. அந்தத் திட்டம் அதோடு முடிந்தது.

யாட்கின் பள்ளத்தாக்கில் ஆள் நெருக்கம் கூடக் கூட மான் குறைந்தது. 1769 மே மாதம் பூன் ஐந்து கூட்டாளிகளுடன் கிளம்பி, கம்பர்லாந்து கணவாயைக் கடந்து கென்டக்கிக்குள் நுழைந்தார். உப்பூற்றுகளைச் சுற்றிக் காட்டெருமைகள் மந்தை மந்தையாக மிதித்துப் போட்ட பாதைகள் சாலைபோல் அகன்று கிடந்தன. டிசம்பரில் ஷானி பழங்குடியினர் அவரைப் பிடித்து, சேர்த்து வைத்திருந்த தோல் அத்தனையையும் பறித்துக்கொண்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவர் போகவில்லை. மேலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கி வேட்டையாடினார். 1771-இல் ஊர் திரும்பும் வழியில் மறுபடியும் தோல்களைப் பறிகொடுத்தார். இரண்டு வருட உழைப்பில் மிஞ்சியது கென்டக்கியைப் பற்றிய ஞாபகம் மட்டும்தான்.

ஷானிகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர்கள் செய்தது கொள்ளை ஆகாது. கென்டக்கி அவர்களுடைய வேட்டைக்காடு. வேலி போட்டுப் பயிர் செய்யவில்லை என்பதால் வெள்ளைக்காரர்கள் அதை யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்துக்கொண்டார்கள். மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று இங்கிலாந்து அரசர் 1763-இல் பிறப்பித்த ஆணை காகிதத்தில் இருந்தது. 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில் இராக்குவா பழங்குடிக் கூட்டமைப்பினர் அந்தப் பகுதியை இங்கிலாந்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே வேட்டையாடிப் பிழைத்த ஷானிகளின் சம்மதத்தை யாரும் பெறவில்லை.

1773 செப்டம்பரில் பூன் குடும்பத்தோடு கென்டக்கிக்குக் கிளம்பினார். வேறு சில குடும்பங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது பேர். வண்டி போகிற வழி இல்லை, எல்லாம் பொதிக்குதிரைகள். விதைச்சோளம், உப்பு, இரும்புச் சட்டி, கோடரி, வெடிமருந்து. பின்னால் மாடுகளும் பன்றிகளும். அக்டோபர் 10-ஆம் தேதி, பின்தங்கி வந்துகொண்டிருந்த சிறு கூட்டம் ஒன்று இரவில் தங்கியிருந்த இடத்தில் தாக்கப்பட்டது. பூனின் மூத்த மகன் ஜேம்ஸ் அதில் இறந்தான். அவனுக்குப் பதினாறு வயது. எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் புறப்பட்டபோது பூனின் பின்னால் ஒரு கம்பெனி இருந்தது. ஹெண்டர்சனின் டிரான்சில்வேனியா கம்பெனி 1775 மார்ச்சில் செரோக்கிப் பழங்குடித் தலைவர்களிடம் ஏறக்குறைய 2 கோடி ஏக்கரை விலைபேசியது. இளம் தலைவர் டிராகிங் கேனூ அந்த விற்பனையை எதிர்த்து வெளியேறினார். சுமார் முப்பது ஆட்களுடன் பூன் வழி வெட்டிக்கொண்டு போனார்; அந்த வழிதான் பின்னாளில் வனப்பாதை என்று பெயர் பெற்றது. ஆற்றங்கரையில் எழுந்த கோட்டைக்குப் பூன்ஸ்பரோ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ரெபெக்காவும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மறு வருடம் ஜூலையில் மகள் ஜெமைமாவையும் இரண்டு தோழிகளையும் ஷானிகளும் செரோக்கிகளும் கடத்திப் போக, பூன் மூன்றாம் நாள் மீட்டு வந்தார். 1778-இல் அவரே பிடிபட்டார். ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தத்தெடுத்து மகனாக வைத்திருந்தார். நாலு மாதம் கழித்து அவர் தப்பி, 160 மைல் கடந்து கோட்டைக்கு வந்து பார்த்தால், கணவர் இறந்துவிட்டார் என்று நினைத்த ரெபெக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வட கரோலினாவுக்கே போயிருந்தார். 1782-இல் புளூ லிக்ஸ் சண்டையில் இன்னொரு மகன் இஸ்ரேலும் இறந்தான்.

இவ்வளவு கொடுத்த பிறகாவது நிலம் கிடைத்ததா?

ஹெண்டர்சனின் பத்திரத்தை 1778-இல் வர்ஜீனியா செல்லாது என்று அறிவித்தது. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. 1779-இல் வந்த நிலச் சட்டம், 1778 தொடங்குவதற்கு முன் குடியேறி ஒரு வருடம் வாழ்ந்தவருக்கோ மக்காச்சோளம் விளைவித்தவருக்கோ 400 ஏக்கர் உரிமை என்றது. பக்கத்திலேயே இன்னும் 1,000 ஏக்கரை விலைக்கு வாங்க முன்னுரிமையும் தந்தது. இது போக, காசு கொடுத்தால் யாரும் கருவூலத்தில் நிலவாரண்டு வாங்கலாம். வாரண்டு வாங்க வேண்டும், இன்ன இடம் என்று பதிய வேண்டும், அளக்க வேண்டும், கடைசியில் பட்டா வாங்க வேண்டும். இந்த நாலு படியில் ஒன்று பிசகினாலும் நிலம் அடுத்தவனுக்கு. அரசாங்கம் முதலிலேயே அளந்து வைக்கவில்லை. இந்த ஓடை, அந்த ஓக் மரம், அங்கிருந்து இத்தனை கோல் என்று அவரவர் எல்லை எழுதிக்கொண்டார்கள். ஓடைக்கு ஒருவர் ஒரு பெயர் சொன்னார், இன்னொருவர் வேறு பெயர் சொன்னார். ஒரே நிலத்துக்கு மூன்று பேர், நாலு பேர் உரிமை கொண்டாடினார்கள்.

வாரண்டு வாங்குவதற்காக 1780-இல் பூன் கிழக்கே கிளம்பினார். தன் பணம், நம்பி ஒப்படைத்த மற்றவர்களின் பணம், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20,000 டாலர். வழியில் ஒரு சத்திரத்தில் தூங்கும்போது அத்தனையும் களவு போனது. கொடுத்தவர்களில் சிலர் விட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கு அவர் வருடக்கணக்கில் கடனை அடைத்தார். அவரே சர்வேயராகவும் வேலை பார்த்தார். பல்லாயிரம் ஏக்கருக்கு உரிமை பதிந்தார். ஆனால் பதிவுகளில் பல குறைபாடுள்ளவை. அவர் அளந்து கொடுத்த நிலங்களில் எழுந்த வழக்குகளும் அவரையே தேடி வந்தன. லைம்ஸ்டோன் என்ற படகுத்துறையில் கடையும் சத்திரமும் வைத்தார். சத்திரத்தை நடத்தியது ரெபெக்கா. அந்த ஆண்டுகளின் வரிப்பதிவில் பூனுக்கு ஏழு அடிமைகள் இருந்ததாகவும் காண்கிறது. குடியேற்றத்தின் உழைப்பில் அவர்களுடைய பங்கு பூனைப் பற்றிய வீரக்கதைகளில் வருவதில்லை.

1784-இல் ஜான் பில்சன் எழுதிய நூல் பூனை அட்லாண்டிக்கின் இரு கரையிலும் புகழ்பெற்றவராக்கியது. புகழ் வழக்குகளை நிறுத்தவில்லை. 1798-இல் கென்டக்கி ஒரு மாவட்டத்துக்குப் பூன் பெயரைச் சூட்டியது. அதே வருடம் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வராததற்காக அவரைக் கைது செய்ய வாரண்டும் பிறந்தது.

மானும் எருமையும் என்ன ஆயின? 1790 மக்கள்தொகைக் கணக்கில் கென்டக்கியில் 73,677 பேர். பத்து வருடத்தில் 2,20,955 பேர். அந்த நூற்றாண்டு முடியும்போது காட்டெருமை அங்கே ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. அடுத்த ஐம்பது அறுபது வருடங்களில் எல்க் என்னும் பெரிய மானும் அற்றுப்போனது. எல்ம் மரத்தடியில் இயற்றிய சட்டமோ, ஹெண்டர்சனின் பத்திரம் போனபோது அதோடு போய்விட்டது.

1799-இல், அறுபத்து நான்கு வயதில், பூன் மறுபடி மூட்டை கட்டினார். இந்த முறை மாநிலம் மட்டும் மாறவில்லை, நாடே மாறியது. மிசிசிப்பிக்கு மேற்கே மிசௌரி அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஆள் வேண்டும் என்பதற்காக ஸ்பானிய அதிகாரிகள் நிலத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். மகன் டேனியல் மோர்கன் முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெரும் கூட்டமாக உறவினர்கள் ஆற்றில் படகேறினார்கள். பூன் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு கரைவழியே நடந்து போனார் என்பது குடும்பத்தாரின் நினைவு. ஸ்பானியர்கள் அவருக்கு 1,000 ஆர்பன், அதாவது ஏறத்தாழ 850 ஏக்கர் தந்தார்கள். ஊர் வழக்குகளைத் தீர்க்கும் பதவியும் தந்தார்கள். அதற்கு முன்பே ஷானிகளில் ஒரு பிரிவினரும் தம் ஊர்களை இழந்து, ஸ்பெயின் கொடுத்த நிலத்தை நம்பி அதே ஆற்றைக் கடந்து வந்திருந்தார்கள். கென்டக்கியை அவரிடம் இழந்தவர்களும், அதை வழக்குகளில் இழந்த அவரும், ஒரே அயல்நாட்டு அரசின் காகிதத்தை நம்பி அங்கே வாழ்ந்தார்கள்.

அந்தக் காகிதமும் நிலைக்கவில்லை. 1803-இல் அமெரிக்கா, மிசௌரியும் அடங்கிய லூசியானா முழுவதையும் வாங்கியது. ஸ்பானிய மானியங்களைச் சரிபார்க்க ஆணையர்கள் வந்தார்கள். நிலத்தில் வீடு கட்டிப் பயிர் செய்தீர்களா? நியூ ஆர்லியன்ஸ் போய் மானியத்தை உறுதிசெய்தீர்களா? பூன் இரண்டையும் செய்யவில்லை. அவர் மகன்கள் வீட்டில் தங்கி, குளிர்காலங்களில் பீவர் பொறி வைத்துக்கொண்டிருந்தார். கோரிக்கை தள்ளுபடியானது. அவர் காங்கிரசுக்கு மனுப் போட்டார். 1814-இல் காங்கிரஸ் அந்த 850 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தபோது ரெபெக்கா இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. நிலத்தின் பெரும்பகுதி கென்டக்கிக் கடன்களை அடைக்கவே விற்கப்பட்டது. 1820 செப்டம்பர் 26 அன்று மகன் நேதன் கட்டிய கல்வீட்டில் பூன் காலமானார்.

பூன் குடும்பத்தோடு பென்சில்வேனியாவில் சம்பந்தம் செய்துகொண்ட இன்னொரு குடும்பம் உண்டு: லிங்கன் குடும்பம். அதன் ஒரு கிளையும் வர்ஜீனியா வழியாகக் கென்டக்கிக்கு வந்தது; அங்கே குடியரசுத் தலைவர் லிங்கனின் தாத்தா, அதே பெயருள்ள ஆபிரகாம் லிங்கன், 1786-இல் பழங்குடியினரின் தாக்குதலில் தன் வயலிலேயே இறந்தார். அவர் மகன் தாமஸ் கென்டக்கியில் மூன்று பண்ணைகளை வாங்கினார். மூன்றிலும் பத்திரச் சிக்கல். ஒன்றை 238 ஏக்கர் என்று வாங்கி, அளவுப் பிழையால் 200 ஏக்கர் என்று விற்றார். 1816 டிசம்பரில் அவர் ஒஹாயோ ஆற்றைக் கடந்து இண்டியானாவுக்குக் குடும்பத்தைக் கொண்டுபோனார். அதற்கு அடிமைமுறை ஒரு காரணம், நிலப்பத்திரத் தொல்லை முக்கியக் காரணம் என்று மகன் ஆபிரகாம் லிங்கன் 1860-இல் எழுதிய சுயசரிதைக் குறிப்பில் சொன்னார்.

இண்டியானாவிலும் காடு இருந்தது, கரடி இருந்தது. ஆனால் தாமஸை இழுத்தது சர்வே. 1785-இல் இயற்றிய நிலச் சட்டப்படி, விற்பதற்கு முன்பே அரசாங்கம் அளந்துவிடும். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட 36 கட்டங்கள். ஓடைப் பெயருக்கு வேலையே இல்லை. தாமஸ் 1817-இல் ஒரு கட்டத்தின் கால்பங்கை, 160 ஏக்கரை, ஏக்கருக்கு 2 டாலர் என்று வின்சென்ஸ் நில அலுவலகத்தில் பதிந்தார். முழுப் பணம் கட்ட முடியவில்லை. பாதியை விட்டுக்கொடுத்து மிச்சத்துக்கு 1827-இல் பட்டா வாங்கினார். அந்தப் பட்டாவை யாரும் எதிர்க்கவில்லை. எட்டு வயதுகூட நிரம்பாத ஆபிரகாம் குடிசையின் இடுக்கு வழியாக ஒரு காட்டு வான்கோழியைச் சுட்டான். அதைவிடப் பெரிய எதையும் அதன் பிறகு அவன் சுட்டதில்லை. 1818-இல் அவன் தாய் நான்சி பால்நோயில் இறந்தாள். காட்டில் மேய்ந்த மாடு தின்ற நச்சுச்செடி பால் வழியாக ஆளைக் கொல்லும் என்பது அப்போது குடியேறியவர்களுக்குத் தெரியாது. அந்தப் பையன்தான் 1862-இல் குடியரசுத் தலைவராக ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். குடும்பத் தலைவர் ஒருவர் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் இலவசம்; அதே கால்கட்ட அளவு.

நிலம் கட்டம் கட்டமாகத் தனியாருக்குப் போனது. விலங்கு யாருக்குச் சொந்தம்? நிலத்துக்காரருக்கு அல்ல என்றது அமெரிக்கச் சட்டம். 1896-இல் உச்ச நீதிமன்றம், காட்டு விலங்கை மக்கள் சார்பாக மாநிலம் வைத்திருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 1979-இல் மாற்றப்பட்டாலும், வேட்டைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் பருவம் குறிப்பதும் பெரும்பாலும் மாநிலங்களிடமே இருக்கின்றன. 1937 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் மத்திய அரசு வசூலிக்கும் வரி, விலங்குப் பாதுகாப்புக்கென்று மாநிலங்களுக்குப் போகிறது.

இதனால் முகவரி விலைமதிப்புள்ளதாயிற்று. 1976-இல் மொன்டானாவில் வசிப்பவர் எல்க் லைசென்ஸை 9 டாலருக்கு வாங்கலாம். வெளிமாநிலத்தவர் வேறு விலங்குகளும் அடங்கிய கூட்டு லைசென்ஸைத்தான் வாங்க முடியும். அதற்கு 225 டாலர். மின்னசோட்டாவைச் சேர்ந்த வேட்டைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம் மொன்டானா பக்கம் நின்றது. எல்க் வேட்டை விளையாட்டு. வெளியாரின் பிழைப்புக்கு அது ஆதாரமல்ல, எனவே சம உரிமை கேட்க முடியாது என்பது அதன் வாதம். பூனுக்கு அதுவே பிழைப்பாக இருந்தது.

இன்றும் வேட்டைக்காக மாநிலம் மாறும் குடும்பங்கள் பார்க்கும் கணக்கு இதுதான். மொன்டானாவில் 180 நாள் தொடர்ந்து வாழ்ந்தால் உள்ளூர்க்காரர். வயோமிங்கில் முழு வருடம். நெவாடாவில் ஏறக்குறைய 80 விழுக்காடும் மொன்டானாவில் 29 விழுக்காடும் மத்திய அரசின் நிலம். அதில் பெரும்பகுதியில் சொந்த நிலம் இல்லாதவரும் லைசென்ஸோடு வேட்டையாடலாம். டெக்சாஸில் 95 விழுக்காட்டுக்கு மேல் தனியார் கையில். அங்கே மான் சுட வேண்டுமானால் பெரும்பாலும் நிலத்துக்காரருக்குக் குத்தகைப் பணம் கொடுக்க வேண்டும்.

கென்டக்கியே எல்க்கைத் திருப்பிக் கொண்டுவந்தது. 1997 முதல் 2002 வரை மேற்கு மாநிலங்களிலிருந்து 1,500-க்கு மேற்பட்ட எல்க்குகளை லாரியில் ஏற்றி வந்து, நிலக்கரிக்காக மேல்மண்ணைச் சீவி எடுத்த கிழக்குக் கென்டக்கி மலைகளில் விட்டார்கள். சுரங்கம் மூடியபின் புல் விதைத்த வெட்டவெளிகள் அவற்றுக்கு ஒத்துப்போயின. இப்போது பத்தாயிரத்தைத் தாண்டும் என்பது மாநில வனவிலங்குத் துறையின் மதிப்பீடு. வேட்டை அனுமதி குலுக்கல் முறையில். அதிலும் வெளிமாநிலத்தவருக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கிடையாது.

தாமஸ் லிங்கனுக்குச் சிக்கலில்லாத பட்டா கொடுத்த அதே சதுரக் கட்டம் வயோமிங்கில் வேறு சிக்கலைக் கொண்டுவந்தது. 1862-இல் ரயில்பாதை போடுவதற்காக இருபுறமும் ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தை யூனியன் பசிபிக் கம்பெனிக்குக் காங்கிரஸ் கொடுத்தது. ஒரு கட்டம் தனியார், அடுத்தது அரசு என்று வரைபடத்தில் சதுரங்கப் பலகை உருவானது. அரசுக் கட்டத்திலிருந்து இன்னொரு அரசுக் கட்டத்துக்குப் போக, இரண்டும் தொட்டுக்கொள்ளும் மூலைப்புள்ளியைத் தாண்ட வேண்டும். 2021-இல் மிசௌரியிலிருந்து போன நான்கு வேட்டைக்காரர்கள் எல்க் மலையடியில் அந்த மூலையின் மேல் ஏணியை நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். அத்துமீறல் என்று குற்ற வழக்கு வந்தது; 2022-இல் ஜூரி அவர்களை விடுவித்தது. நிலத்துக்காரர் தன் சொத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று எழுபது லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொதுநிலத்தை யாரும் அடைத்துவைக்கக் கூடாது என்று, மாட்டுப்பண்ணை முதலாளிகள் முள்கம்பி போட்ட காலத்தில் 1885-இல் வந்த சட்டம்தான் அதற்கு அடிப்படை.

அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கேன்சஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். வயோமிங்குக்கு வடக்கே எல்லை தொட்டு நிற்கும் மொன்டானா வேறு வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே மூலையைத் தாண்டுவது இன்னும் சட்டவிரோதம்தான் என்று அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை அறிவித்திருக்கிறது. மொன்டானாவுக்குக் குடிபெயர நினைக்கிறவர்கள் லைசென்ஸ் விலையோடு இந்த அறிவிப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது.